சினை நிக்கலையா? தண்ணித்தொட்டிய விடுங்க, மக்காச்சோளத்த பாருங்க

கேள்வி: 6 தாய்ப்பன்றிக்கு சினை ஊசி போட்டேன், 4க்கு நிக்கல, ஆனா திரும்ப பருவத்துக்கும் வரல. பிளாஸ்டிக் தொட்டில இருந்து ஹார்மோன் மாதிரி கெமிக்கல் இறங்குதுங்கறாங்க. தொட்டிய மாத்தணுமா?

பதில்: பிளாஸ்டிக்க சந்தேகப்படறது தப்பில்லங்க. 1998ல அமெரிக்காவுல பாட்ரிசியா ஹன்ட்னு ஒரு விஞ்ஞானியோட லேப்ல எலிக்கூண்ட தவறான டிடர்ஜென்ட்ல கழுவப் போய் பிளாஸ்டிக் சிதைஞ்சு, ஹார்மோன் மாதிரி வேலை செய்யற பிஸ்பீனால் ஏங்கற கெமிக்கல் கசிஞ்சு, எலியோட முட்டைல குரோமோசோமே தாறுமாறாச்சு. ஆனா அது பாலிகார்பனேட்னு ஒரு வகை பிளாஸ்டிக். தண்ணித்தொட்டி பெரும்பாலும் பாலிஎத்திலீன், அதுல பிஸ்பீனால் ஏ கிடையாது.

நீங்க சொன்ன "பருவத்துக்கும் வரல"ங்கறதுதான் எனக்கு இடிக்குது. வெறுமனே சினை நிக்கலன்னா 21 நாள் வாக்குல திரும்ப வந்திருக்கணுமே? பன்றில ஒரு விசேஷம், சினையான 11, 12ம் நாள்ல கருவே ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன சுரந்து தாய்க்கு சிக்னல் குடுக்கும், அப்பதான் உடம்பு அடுத்த பருவத்த நிறுத்தி வைக்கும். மக்காச்சோளத்துல வர்ற ஃபுசேரியம் பூஞ்சணம் ஜியராலினோன்னு ஒரு விஷத்த உண்டாக்குது, அது அப்படியே ஈஸ்ட்ரோஜன் வேஷம் போடும். ஊசி போட்ட 7லேருந்து 10 நாளுக்குள்ள அது உள்ள போச்சுன்னா கர்ப்பப்பை கருவுக்கு முன்னாடியே அடுத்த கட்டத்துக்கு போயிடும், கரு பின்தங்கி கரைஞ்சுடும், ஆனா உடம்பு மட்டும் சினைன்னே நம்பிட்டு உக்காந்திருக்கும். பொய்ச்சினைதான் இது.

வீட்டுலயே ஒரு டெஸ்ட் இருக்கு. அதே தீவனம் தின்ற, இன்னும் பருவத்துக்கே வராத குட்டிங்களோட பிறப்புறுப்பு செவந்து வீங்கியிருக்கான்னு பாருங்க, இருந்தா முக்கால்வாசி உறுதி. மக்காச்சோளம் பாக்க பளிச்சுன்னு இருக்குன்னு ஏமாறாதீங்க, வேகவெச்சாலும் இந்த விஷம் போகாது, விஷத்த பிடிச்சு வெக்க தீவனத்துல கலக்கற களிமண் பைண்டர், அஃப்லாடாக்சின்ங்கற வேற பூஞ்சண விஷத்துக்கு கேக்கற அளவுக்கு இதுக்கு கேக்கறதில்ல (கடைக்காரர் வேற சொல்வாரு). அந்த மக்காச்சோள லாட்ட உடனே நிறுத்திட்டு, நாலஞ்சு மூட்டைல இருந்து பல இடத்துல கைபோட்டு எடுத்து கலந்து லேபுக்கு அனுப்புங்க. ஐரோப்பால தாய்ப்பன்றி தீவனத்துக்கு கிலோவுக்கு ஜியராலினோன் 0.25 மில்லிகிராம், குட்டிக்கு 0.1, அதுக்கு மேல வேணாம்னு வெச்சிருக்காங்க.

பார்வோ வைரஸ், லெப்டோ (லெப்டோஸ்பைரோசிஸ்ங்கற பாக்டீரியா நோய்) டெஸ்ட்டும் டாக்டர்கிட்ட கேளுங்க, அதுலயும் சினை தங்காது. ஊசி போட்டு 28 நாள் தாண்டினதும் ஸ்கேன் பண்ணி காலின்னு உறுதியான பிறகு, ஞாபகம் வெச்சுக்கோங்க உறுதியான பிறகுதான், டாக்டர் புரோஸ்டாகிளான்டின்ங்கற ஹார்மோன் ஊசி போட்டு பருவத்துக்கு கொண்டு வருவாரு. உள்ள கரு இருக்கறப்ப அத போட்டா இருக்கறதும் கலைஞ்சுடும்.