நாலாம் தரம் சில்லு விலகியதைப் பிள்ளை ஏன் சொல்லவில்லை?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, எட்டாம் ஆண்டு படிக்கிறாள். போன வருசம் வலைப்பந்து விளையாடும்போது வலது முழங்கால் சில்லு வெளிப்பக்கமாக விலகியது. பெரியாஸ்பத்திரியில் சரிசெய்து பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். ரியூசன் நேரத்தோடு ஒத்துவராததால் அதை இடையில் விட்டுவிட்டோம். இரண்டாம் தரம் விலகியதும் வலைப்பந்தை நிறுத்தினோம். மூன்றாம் தரத்தோடு சைக்கிளையும் நிறுத்தி, இப்போது அப்பாதான் ஏற்றி இறக்குகிறார். பள்ளிக்கூடத்திலும் ஒருதரம் விலகியதாம், அது அவளுடைய கூட்டாளி சொல்லித்தான் தெரியும். இனிச் சத்திரசிகிச்சை செய்வது நல்லது என்கிறார் வைத்தியர். பரியாரியாரிடம் எண்ணெய் போட்டுக் கட்டினால் போதும் என்கிறார் மாமி. வளர்ச்சி முடியும்வரை கத்தி வைக்கக்கூடாது என்கிறார் கனடாவில் இருக்கும் அண்ணா. பெண்பிள்ளை, தழும்பையும் யோசிக்கவேண்டும். ஓ.எல். சோதனை முடியட்டும் என்று இருக்கிறோம். சரிதானா?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: தங்கச்சி, கூட்டாளிப் பிள்ளை சொன்ன விசயத்தை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

சில்லு விலகும் வலி என்னவென்று தெரியுமா? கால் மடங்கின மடங்கில் நிற்கும், சில்லு பக்கத்தில் புடைத்துத் தெரியும், வளர்ந்த ஆம்பிளைகளே குழறுவார்கள். உங்கள் மகள் அந்த வலியைப் பள்ளிக்கூடத்தில் பட்டு, எப்படியோ காலை நீட்டிச் சில்லு இடத்துக்கு வந்தபிறகு, அப்பாவின் மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறாள். சாப்பிட்டிருப்பாள், ரியூசனுக்கும் போயிருப்பாள். சப்பாணி கட்டி இருக்க முடியாமல் காலை நீட்டி இருந்திருப்பாள். அப்பாவும் காணவில்லை, நீங்களும் காணவில்லை, கூட்டாளிக்குத்தான் தெரிந்திருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் பதில் இருக்கிறது, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் தரம் சொன்னாள், வலைப்பந்து போனது. மூன்றாம் தரம் சொன்னாள், சைக்கிள் போனது. நாலாம் தரம் சொன்னால் அடுத்தது என்ன போகும் என்று 13 வயதுப் பிள்ளைக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாதா? சொல்லச் சொல்ல அவளுடைய சந்தோசங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, பாதுகாப்புக்காகச் செய்தோம் என்று சொல்கிறீர்கள். ரியூசனை மட்டும் ஒருநாளும் நிறுத்தவில்லை. காலைப் பலப்படுத்தக்கூடிய ஒரே காரியம் பிசியோதெரபி, அதை விட்டுவிட்டீர்கள். இதை வாசிக்கக் கோபம் வந்தால் வரட்டும்.

மறைத்தது மனசை மட்டும் பாதிக்கிற விசயம் என்று நினைக்கவேண்டாம், வைத்தியமே அதில்தான் தங்கியிருக்கிறது. தொடையெலும்பின் கீழ்முனையில் ஒரு பள்ளம் இருக்கிறது, கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுகிறதுபோல முழங்கால் சில்லு அதில் மேலும் கீழும் ஓடும். அது வெளிப்பக்கம் போகாமல் உட்பக்கத்தில் ஒரு இணையம், அதாவது எலும்போடு எலும்பைச் சேர்த்துக் கட்டுகிற நார், பிடித்துவைத்திருக்கும். முதல்தரம் விலகும்போதே அநேகமாக அந்த இணையம் கிழிந்துவிடும். அதனால் எல்லாருக்கும் உடனே சத்திரசிகிச்சை வேண்டும் என்று இல்லை. எலும்பிலோ குருத்தெலும்பிலோ துண்டு உடைந்து மூட்டுக்குள் கிடக்காவிட்டால், முதலில் பயிற்சிதான், பல பிள்ளைகளுக்கு அதோடு சரியாகும். ஆனால் பள்ளம் ஆழமில்லாமல் பிறவியிலேயே தட்டையாக இருக்கிற பிள்ளைக்கும், சில்லு மேலே ஏறி நிற்கிற பிள்ளைக்கும், எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளைக்கும் திரும்பத் திரும்ப விலகும் வாய்ப்புக் கூட. விலகுகிற ஒவ்வொரு தரமும் சில்லின் பின்பக்கத்துக் குருத்தெலும்பு உரசிச் சிராய்கிறது, சிலவேளை துண்டாகக் கழன்றுவிடுகிறது. அந்தக் குருத்தெலும்பு பழையபடி வளராது. இளவயதிலேயே மூட்டுத் தேய்மானம் வருகிற வழி இது.

ஆகவே வைத்தியரிடம் எத்தனை தரம் என்று சொன்னீர்கள்? மூன்றா, நாலா? கூட்டாளிக்குத் தெரிந்தது ஒன்று, கூட்டாளியும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் நடந்தது எத்தனை? இது தெரியாமல் ஓ.எல். வரைக்கும் பொறுக்கலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள்.

உங்கள் அண்ணா சொன்னதில் பாதி சரி. முழங்காலுக்கு மேலேயும் கீழேயும் எலும்பு வளர்கிற தட்டு இருக்கிறது, தொடையெலும்பின் நீளத்தில் ஏறக்குறைய 70 வீதம் கீழ்முனைத் தட்டிலிருந்துதான் வருகிறது. அது சேதப்பட்டால் கால் வளையலாம், குட்டையாகலாம். சில்லின் தசைநார் பிடித்திருக்கிற முன்கால் எலும்பு மேட்டை வெட்டி நகர்த்துகிற சத்திரசிகிச்சை ஒன்று இருக்கிறது, அதை வளர்ச்சி முடியமுன் செய்யமாட்டார்கள். ஆனால் கிழிந்த இணையத்துக்குப் பதிலாகப் பிள்ளையின் சொந்தத் தொடைத் தசைநாரில் ஒரு துண்டை எடுத்துப் புது இணையம் கட்டுகிறது வேறு விதம். எக்ஸ்ரே பார்த்துப் பார்த்து, வளர்ச்சித் தட்டைத் தொடாமல் அதற்குக் கீழே பொருத்துவார்கள். வளருகிற பிள்ளைகளுக்கும் இதைச் செய்கிறார்கள்.

பொறுத்தால் நட்டமில்லை என்று நினைக்கிறீர்களே, அதுவும் சரியில்லை. பிள்ளைக்கு முழங்கால்கள் உள்நோக்கி முட்டுகிற கால் என்றால், வளர்ச்சித் தட்டின் ஒரு பக்கத்தில் சின்னத் தகடு வைத்துக் கால் வளர வளர நேராக்கலாம். வளர்ச்சி மிச்சம் இருக்கும்வரைதான் அது நடக்கும். பெண்பிள்ளைகளுக்கு முழங்காலைச் சுற்றிய வளர்ச்சி 14, 15 வயதளவில் முடிந்துவிடும், ஓ.எல். எழுதும் நேரம் உங்கள் மகளுக்கு 16. அவள் சாமத்தியப்பட்ட மாதத்தை வைத்தியரிடம் சொல்லுங்கள், எவ்வளவு வளர்ச்சி மிச்சம் என்று மதிப்பிட அது உதவும், தேவையென்றால் கையை எக்ஸ்ரே எடுத்தும் பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றா, உள்ளே துண்டு ஏதும் கிடக்கிறதா, பள்ளம் எப்படி, கால் நேரா என்று நீங்கள்தான் வாய்திறந்து கேட்கவேண்டும்.

மாமியின் எண்ணெய்க்கு நான் எதிரி இல்லை, அவவின் பாசமும் விளங்குகிறது. ஆனால் கிழிந்து தொய்ந்த இணையத்தை எண்ணெய் இறுக்காது, தட்டையான பள்ளம் ஆழமாகாது. உள்ளே துண்டு கிடக்கிற முழங்காலை ஒருவர் பிடித்து உருவினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இதை மாமிக்குச் சொல்லவேண்டியது உங்கள் கணவர். தன் தாய்க்குச் சொல்லவேண்டியதை மனைவி தலையில் போடுகிற ஆண்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

தழும்பா? உட்பக்கத்தில் சின்ன வெட்டுகள், தசைநார் எடுக்க முழங்காலுக்குக் கீழே இன்னொன்று. அதை அளந்து பார்த்துப் பெண் எடுக்கிற வீட்டுக்கு என் பிள்ளையை நான் கொடுக்கமாட்டேன், நீங்களும் கொடுக்கக்கூடாது. 13 வயதுப் பிள்ளையின் முழங்காலைப் பற்றிக் கேட்ட கடிதத்தில் கல்யாணத்துக்கு என்ன வேலை?

சத்திரசிகிச்சையோடு எல்லாம் முடிந்துவிடாது. சில கிழமை ஊன்றுகோல், பிறகு மாதக்கணக்கில் பயிற்சி, விளையாட்டுக்குத் திரும்ப ஆறு மாதமோ அதற்கு மேலோ. சிலருக்குத் திரும்பவும் விலகும், சிலருக்கு முழங்கால் இறுகிப்போகும், பயிற்சியை இடையில் விட்டவர்களுக்குக் காலில் பழைய பலமே வராது. போனதரம் போல இந்தத் தரமும் ரியூசனுக்காக பிசியோதெரபியை விடப்போகிறீர்கள் என்றால், பிள்ளையை வீணாக வெட்டவேண்டாம். எட்டாம் ஆண்டில் ஒரு தவணை ரியூசன் போகாவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது.

சரி, முதல் வேலை என்ன? இன்றைக்கு இரவு அப்பாவும் நீங்களும் அவளோடு இருந்து கதையுங்கள். ஏச்சு வேண்டாம், புத்திமதி வேண்டாம். இனிமேல் விலகினால் சொல்லு, சொன்னதற்காக உன்னிடமிருந்து எதையும் பறிக்கமாட்டோம் என்று அப்பாவின் வாயால் வரட்டும். கால் சரியானதும் வலைப்பந்துக்குத் திரும்பிப் போகலாம் என்றும் சொல்லுங்கள், வைத்தியர் விட்டால் போகவும் விடுங்கள். பிறகு எத்தனை தரம், எங்கே, என்ன செய்யும்போது என்று அவளையே ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். கிளினிக்குக்கு மூன்று பேரும் போங்கள், வைத்தியர் கேட்கிறபோது நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் அவளைச் சொல்ல விடுங்கள்.