யாருடைய ஆபத்துக் காலம்?

கேள்வி: சர்வதேச நாணய நிதியம் உறுப்பு நாடுகளுக்குக் கையிருப்பாக ஒதுக்கும் சிறப்பு எடுப்புரிமைகளில் (SDR) பணக்கார நாடுகளிடம் உள்ளவற்றை ஏழை நாடுகளின் வளர்ச்சிக்குத் திருப்பிவிட வேண்டும் என்கிறார்கள். கையிருப்பு ஆபத்துக் காலத்துக்கு உரியது அல்லவா? அதைச் செலவிடச் சொல்வது நோட்டடித்து இனாமாக வழங்குவதற்குச் சமமாகாதா?

பதில்: ஆகாது. சிறப்பு எடுப்புரிமை கடைவீதியில் புழங்கும் பணமன்று. சர்வதேச நாணய நிதியம் 1969-இல் உருவாக்கிய, தனியார் எவரும் வைத்திருக்க முடியாத ஒரு கணக்குப் பதிவு. டாலர் தேவைப்படும் நாடு தன் எடுப்புரிமையை வேறொரு நாட்டிடம் கொடுத்து டாலராக மாற்றிக்கொள்கிறது. தனக்கு ஒதுக்கப்பட்ட அளவைவிட இருப்பு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கும் வட்டி கட்டுகிறது. வட்டி கட்டிப் பெறுவதை இனாம் என்பது நியாயமில்லை.

ஆபத்துக் காலம் என்கிறீர்கள். யாருடைய ஆபத்து என்று கேட்க வேண்டியிருக்கிறது. பெருந்தொற்றின் நடுவே, 2021 ஆகஸ்டில், சுமார் 65,000 கோடி டாலர் மதிப்புள்ள எடுப்புரிமைகள் ஒதுக்கப்பட்டன. நிதியத்தில் அவரவருக்கு உள்ள பங்கின்படியே பிரிக்கப்பட்டதால், அமெரிக்காவுக்கு மட்டும் 11,000 கோடி டாலருக்கு மேல் சென்றது. குறைந்த வருவாய் நாடுகள் அனைத்துக்கும் சேர்த்துக் கிடைத்ததோ சுமார் 2,100 கோடி. தடுப்பூசிக்கும் எரிபொருளுக்கும் டாலர் இல்லாமல் தவித்த நாடுகளுக்குச் சொற்பம். தன் நாணயத்தையே உலகம் கையிருப்பாக வைத்திருக்கும் நாட்டுக்குப் பெரும்பங்கு. இந்தப் பங்கீட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

கையிருப்பு கரைந்துவிடும் என்ற உங்கள் அச்சத்துக்கும் வழி காணப்பட்டிருக்கிறது. வளர்ச்சி வங்கிகளின் கலப்பு மூலதனப் பத்திரங்களை (கடன்பத்திரம் போன்றிருந்தும் வங்கியின் மூலதனமாகக் கணக்கிடப்படுபவை) எடுப்புரிமை கொண்டு வாங்க, 1,500 கோடி எடுப்புரிமை என்ற உச்சவரம்புடன், நிதியம் 2024 மே மாதம் அனுமதி அளித்தது. ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி முன்னின்று வகுத்த அத்திட்டத்தில், பங்களித்த நாடுகளுள் ஒன்றுக்கு நெருக்கடி வந்தால் மற்றவை அதன் பங்கை ஏற்றுக்கொள்ளும்; எனவே கொடுத்தது கையிருப்பாகவே நீடிக்கும். வங்கியோ அந்த மூலதனத்தைக் கொண்டு அதைப்போல் பன்மடங்கு கடன் வழங்கலாம். ஐரோப்பிய மத்திய வங்கி தன் சட்டத்தைக் காட்டி இத்தகைய வழிக்கு இணங்க மறுத்துவருவது பெரிய தடை.

ஒரு குறையை மறைக்கமாட்டேன். எடுப்புரிமைகளைப் பெற்று ஏழை நாடுகளுக்குக் கடன் தரும் நிதியத்தின் அறக்கட்டளை வழியாகப் போனாலும் வளர்ச்சி வங்கி வழியாகப் போனாலும், ஏழை நாட்டின் கைக்கு இது பெரும்பாலும் கடனாகவே சேர்கிறது. ஏற்கெனவே கடனில் மூழ்கியிருக்கும் நாட்டுக்கு, இருபது ஆண்டுத் தவணை என்றாலும் கடன் கடன்தான். அதனால்தான், திருப்பிவிடுவதோடு நிற்காமல், ஒதுக்கும்போதே தேவையைப் பார்த்து ஒதுக்க வேண்டும் என்கிறேன். அதற்கு நிதியத்தின் விதிகளையே திருத்த வேண்டும். 85 விழுக்காடு வாக்கு வேண்டும். 16 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வைத்திருக்கும் அமெரிக்கா சம்மதிக்காமல் அது நடக்காது.