ஃபீட் ரீடரை மாற்றும்போது எது வரும், எது வராது?

கேள்வி: பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் ஃபீட் ரீடரான ஃபீட்லியில் 87 தளங்களை 3 ஃபோல்டர்களாகப் பிரித்து வைத்துப் படிக்கிறேன். இன்னொரு ரீடரான இனோரீடருக்கு மாறலாம் என்றிருக்கிறேன். ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டுமா? பிறகு படிக்கச் சேமித்தவையும் வந்துவிடுமா?

பதில்: ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியதே இல்லை. கணினியில் ஃபீட்லியைத் திறந்து, தளங்களை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போனால் 'ஓபிஎம்எல்' கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யும் வசதி இருக்கும். இறக்கிய கோப்பை இனோரீடர் அமைப்புகளில் உள்ள இம்போர்ட் பகுதியில் ஏற்றினால் ஃபோல்டர்களோடு வந்து சேரும். ஏற்றியதும் முதல் வேலையாக எண்ணிப் பாருங்கள். அங்கே 87 என்றால் இங்கேயும் 87 இருக்க வேண்டும். குறைந்தால், இலவசக் கணக்கின் வரம்பு குறுக்கிட்டதா, ஏதாவது ஒரு முகவரி பழுதா என்று பாருங்கள்.

ஓபிஎம்எல் என்பது வெறும் முகவரிப் பட்டியல்தான். தளத்தின் பெயர், ஃபீடின் (தளம் தன் புதிய பதிவுகளை ரீடருக்குத் தரும் பட்டியலின்) முகவரி, ஃபோல்டர் இவ்வளவே அதில் இருக்கும். எதைப் படித்தீர்கள், எதைச் சேமித்தீர்கள் என்பது இருக்காது. சேமித்த கட்டுரைகளின் இணைப்புகளை மாறுவதற்கு முன்பே பிரவுசர் புக்மார்க்கிலோ வேறு குறிப்பிலோ எடுத்து வைத்துவிடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பிறகு தேடி அலைவதைவிட மேல்.

பழைய பதிவுகளும் முழுதாக வராது. ஃபீட் என்பது கடைசிச் சில பதிவுகளை மட்டுமே தரும். வேர்ட்பிரஸ் தளம் வழக்கமாக 10, பிளாகர் 25. புது ரீடர் அதிலிருந்துதான் தொடங்கும். உங்கள் ஃபீட்லியில் தெரியும் பழைய பதிவுகள், அது அன்றன்று எடுத்துச் சேர்த்து வைத்தவை. எனவே பழைய கணக்கை உடனே மூடாதீர்கள். இரண்டு வாரமாவது இரண்டையும் ஓட விட்டு ஒப்பிடுங்கள்.

கேள்வி: இம்போர்ட் செய்தபின் பழைய தமிழ் வலைப்பதிவுகள் பலவற்றில் பிழை காட்டுகிறது. கோப்பைத் திருத்திச் சேமித்தால் தமிழ்ப் பெயர்களெல்லாம் கேள்விக்குறியாகிவிட்டன. ஏன்?

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

முதலாவது, முகவரி. 2012 முதல் சில ஆண்டுகள் இந்தியாவிலிருந்து பிளாகர் பதிவுகளைத் திறந்தவர்களை கூகுள் 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' முகவரிக்குத் திருப்பிவிட்டது. அப்போது அந்த முகவரியையே பலர் ரீடரில் சேர்த்துவிட்டார்கள். 2020இல் அந்தப் பெயர் கூகுளின் கையைவிட்டுப் போய்விட்டது. பதிவுகள் எங்கும் போகவில்லை, 'டாட் காம்' முகவரியில் அப்படியே இருக்கின்றன. நோட்பேடில் கோப்பைத் திறந்து, 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்று வரும் இடங்களையெல்லாம் 'பிளாக்ஸ்பாட் டாட் காம்' என்று ஒரே மூச்சில் ரீப்ளேஸ் செய்துவிடலாம். தமிழ் வலைப்பதிவுகளைத் தொடர்பவர்கள் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும் பதிவை இறந்துவிட்டதாக நினைத்து நீக்குவது பெரிய இழப்பு.

இரண்டாவது, எழுத்து. சேமிக்கும்போது 'என்கோடிங்' என்ற பெட்டியில் 'ஆன்சி' என்று இருந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகும். அப்படிச் சேமித்த கோப்பிலிருந்து பெயர்களை மீட்க முடியாது, மறுபடி எக்ஸ்போர்ட்தான் செய்ய வேண்டும். இந்த முறை 'யூடிஎஃப்-8' தேர்ந்தெடுங்கள். திருத்துவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

திருத்திய கோப்பை ரீடர் ஏற்கவே மறுத்தால், நீங்களாகத் தட்டச்சு செய்த பெயரிலோ முகவரியிலோ 'அண்ட்' என்பதற்குப் பதிலாகப் போடும் 'ஆம்பர்சாண்ட்' குறி தனியாக இருக்கிறதா என்று தேடுங்கள். அந்தக் குறிக்குப் பின்னால் இடைவெளியின்றி ஏ, எம், பி என்ற மூன்று சிறிய ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும் சேர்த்தால் கோப்பு ஏறிவிடும்.