வீட்டில் கட்டும் ஸ்போர்ட்ஸ் காரின் முன் சஸ்பென்ஷனை எந்த வரிசையில் செட் செய்வது?

கேள்வி கேட்டவர், மாருதி 800 எஞ்சினை வைத்து, லோட்டஸ் செவன் பாணியில் குழாய்ச் சட்டத்தில் இரண்டு பேர் உட்காரும் கார் கட்டியிருக்கிறார். முன்னால் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஆர்ம் பிடிக்கும் அமைப்பு. அலைன்மெண்ட் கடையில் மாருதி 800 அளவையே வைத்துத் தருகிறோம் என்கிறார்களாம். வைக்கலாமா என்கிறார்.

வேண்டாம். மாருதியின் அளவு அதன் ஸ்ட்ரட்டுக்கும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகி நிற்கும் தூண்) அதன் எடைக்கும் போட்டது. உங்கள் காரில் மேலும் கீழும் இரண்டு ஆர்ம் சேர்ந்து சக்கரத்தைத் தாங்குகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், கடை மெஷின் கார் சும்மா நிற்கும்போது உள்ள கோணத்தைத்தான் காட்டும். குழியில் இறங்கி ஏறும்போது சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது அதில் வராது. வீட்டில் கட்டிய காரில் தொந்தரவு பெரும்பாலும் அங்கேதான். எனவே சக்கரத்தின் போக்கை முதலில் சரி செய்யுங்கள். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன் ஓரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது) எல்லாம் கடைசி.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனாலும் தெருவில் தமிழ்தான் அதிகம். லேத் வேலை என்றால் தமிழ்நாட்டு எல்லையில் உள்ள வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்குப் போவோம். எஸ். கரிவர்தன் மாருதி 800 எஞ்சினில் ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டிய ஊர் அது. நல்ல டர்னர் கிடைப்பார். ஆனால் இந்த வேலைக்குக் கொத்தனாரிடம் இருப்பதே பாதி போதும்: ரசமட்டம், தூக்குக் குண்டு, நூல், டியூப் லெவல்.

டியூப் லெவல் தரைக்கு. நான்கு டயரும் நிற்கும் இடம் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். குறைகிற பக்கம் தகடோ தரை ஓடோ வையுங்கள். டயரில் காற்று, டேங்கில் பாதி பெட்ரோல், ஓட்டுநர் சீட்டில் உங்கள் எடைக்கு மூட்டை. 500, 600 கிலோ காரில் ஓர் ஆள் எடை சாதாரணமில்லை. அந்த நிலையில் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) நடுவிலிருந்து சேசிஸில் ஒரு புள்ளி வரை அளந்து குறித்து வையுங்கள். அதுதான் உங்கள் பூஜ்யம்.

இனி ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் கழற்றுங்கள். சேசிஸை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, ஸ்டியரிங்கை நடுவில் பூட்டி, லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி. டயருக்குப் பதில் ஹப்பில் ஒரு பிளைவுட் பலகையை போல்ட் போட்டு, அதன் முன் ஓரத்தில் ஒரு டயல் கேஜ் (சிறு நகர்வையும் முள்ளில் காட்டும் அளவி), பின் ஓரத்தில் ஒன்று. பூஜ்யத்திலிருந்து 10 மி.மீ. வீதம் ஏற்றியும் இறக்கியும் இரண்டு கேஜுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிக்கொண்டே வாருங்கள். ஏறி இறங்கும்போது சக்கரம் இப்படித் தானாகத் திரும்புவதைத்தான் பம்ப் ஸ்டியர் என்கிறோம்.

எண்களைக் கிராஃப் தாளில் போடுங்கள். கோடு நேராகச் சாய்ந்து, ஏறும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது மறுபக்கமும் திரும்பினால் ஸ்டியரிங் ரேக்கின் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இடம் வலமாக நகரும் பல் தண்டு) உயரம் தப்பு. ஷிம் தகடு போட்டு ஏற்றவோ, மவுண்டை இறக்கவோ வேண்டும். கோடு வளைந்து, ஏறினாலும் இறங்கினாலும் ஒரே பக்கம் திரும்பினால் ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு நீளம் தப்பு. ரேக் முன் சக்கர அச்சுக்கு முன்னால் இருந்து, இரண்டு திசையிலும் டோ-இன் (முன் ஓரம் உள்ளே) ஆனால் டை ராடு குட்டை. ரேக் பின்னால் இருந்தால் அதே குட்டை, டோ-அவுட்டாக (முன் ஓரம் வெளியே) தெரியும். நீளம் என்று நான் சொல்வது முனையில் மரையைச் சுற்றி நீட்டுவதை அல்ல, அது டோவை மட்டும்தான் மாற்றும். உள் ஜாயிண்ட் இருக்கும் இடமே மாற வேண்டும், அதாவது ரேக்கின் அகலம். முன்னாலிருந்து பார்த்தால் டை ராடின் வெளி ஜாயிண்ட் ஆர்ம்களின் வெளி முனையில் உள்ள இரண்டு பால் ஜாயிண்டைச் சேர்க்கும் கோட்டிலும், உள் ஜாயிண்ட் ஆர்ம்கள் சேசிஸில் மாட்டியிருக்கும் உள் பிவட்டுகளைச் சேர்க்கும் கோட்டிலும் விழுந்தால் ஏறக்குறைய சரி. வேறு காரின் ரேக்கைப் பொருத்துகிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் சிக்கும். 25 மி.மீ. ஏற்ற இறக்கத்துக்கு அரை மில்லிமீட்டருக்குள் நின்றால் எனக்குப் போதும்.

அச்சுக்குப் பின்னால் இருந்த ரேக்கை அப்படியே முன்னால் கொண்டுபோனால் ஸ்டியரிங் தலைகீழாக வேலை செய்யும். இடது திருப்பினால் வலது போகும். சிரிப்பாக இருக்கும், ஆனால் வெல்டிங் முடிந்த பிறகு தெரிந்தால் சிரிப்பு வராது.

அப்புறம் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டயர் எல்லாம் மாட்டிக் காரைத் தரையில் இறக்கிவிட்டு கேஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாயும் கோணம். இலேசான காருக்கு 5 டிகிரி வைத்துத் தொடங்குங்கள். டயருக்கு அடியில் கிரீஸ் தடவிய இரண்டு தகடு வைத்து, சக்கரத்தை வெளியே 20 டிகிரி, உள்ளே 20 டிகிரி திருப்பி இரண்டு இடத்திலும் கேம்பர் எடுங்கள். வித்தியாசத்தைப் போல ஒன்றரை மடங்குதான் கேஸ்டர். கேஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது இதன் அருமை தெரியும்.

கேம்பருக்குத் தூக்குக் குண்டு போதும். 12 அங்குல ரிம்மில் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் சுமார் 340 மி.மீ. அப்படியானால் 1 டிகிரிக்கு 6 மி.மீ. மேல் விளிம்பு 6 முதல் 9 மி.மீ. உள்ளே சாய்ந்தால் மைனஸ் 1 முதல் 1.5 டிகிரி. அப்பர் ஆர்ம் லோயரைவிடக் குட்டையாக இருந்தால் திருப்பத்தில் கார் சாயும்போது வெளிச் சக்கரம் கேம்பரைக் கொஞ்சம் மீட்டுக்கொள்ளும். இரண்டும் சம நீளத்தில் இணையாக இருந்தால் கார் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு டயரும் சாயும். அப்போது நிற்கும் கேம்பரைக் கூட்டுவதைத் தவிர வழியில்லை.

டோ கடைசி, ஏனென்றால் மேலே சொன்ன எதை மாற்றினாலும் அது மாறும். காரின் இரு பக்கமும் இணையாக நூல் கட்டி, ரிம்மின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் நூலிலிருந்து அளங்கள். பக்கத்துக்கு 1 மி.மீ. டோ-இன். அளக்கும் முன் காரை முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளி, டயர் இயல்பாக உட்காரும்படி விடுங்கள்.

சோதித்துப் பார்க்க ரோட்டில் எடுக்காதீர்கள். பதிவில்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது, எல்லைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும். டாடா ஏஸில் ஏற்றி, கோவை செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் முன்கூட்டியே நேரம் கேட்டுப் போங்கள். ஓட்டி நிறுத்தியதும் டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றிலும் சூடு பாருங்கள். உள் ஓரம் மட்டும் மிகச் சூடாக இருந்தால் கேம்பர் அதிகம், வெளி ஓரம் சூடானால் குறைவு. லாக் நட் எல்லாவற்றிலும் பெயிண்ட் கோடு போட்டுக்கொண்டு கிளம்பினால், எது தளர்ந்தது என்று திரும்பி வந்து பார்த்ததும் தெரிந்துவிடும்.