வாசகர் கேள்வி பதில்: வினையூக்கியை நம்பி வாழலாமா?

கேள்வி: ஐயா, என் மகள் வெஸ்ட்வில் வளாகத்தில் வேதியியல் ஆனர்ஸ் முடிக்கப் போகிறாள். அடுத்து வேதிவினையை வேகப்படுத்தும் வினையூக்கி, நுண்துளைப் பொருள் என்று ஆராய்ச்சியில் இறங்குவேன் என்கிறாள். பார்மசி படித்திருக்கலாமே என்று அவள் அப்பாவுக்கு ஒரே புலம்பல். இதை வைத்துப் பிழைக்க முடியுமா?
- ஒரு தாய், செட்ஸ்வொர்த்

பதில்: முடியும் அம்மா. ஆனால் டர்பனை விட்டு நகரவே மாட்டேன் என்று அடம் பிடித்தால் கஷ்டம்.

இந்தத் துறைக்கு நம் தென்னாப்பிரிக்காவை விடப் பொருத்தமான இடம் உலகில் அதிகம் இல்லை. சொல்லிக்கொள்ளும்படி எண்ணெய் இல்லை, நிலக்கரியோ கொட்டிக் கிடக்கிறது, அதனால் 1950இல் சசோல் நிறுவனத்தைத் தொடங்கி, நிலக்கரியை வாயுவாக்கி, அந்த வாயுவை இரும்பு வினையூக்கியின் மேல் செலுத்தி, 1955இல் சசோல்பர்க்கில் பெட்ரோலே எடுத்துவிட்டார்கள். முறை என்னவோ 1920களில் ஜெர்மனியில் ஃபிஷரும் டிராப்ஷும் கண்டது. பிறகு வந்த சசோலின் செகுண்டா ஆலை இன்றைக்குக் கக்கும் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சநஞ்சமல்ல, அதை எப்படிக் குறைப்பது என்பதும் உங்கள் மகள் தலைமுறை வேதியியலாளரின் தலையில்தான் விழும். அப்புறம் வினையூக்கியாகப் பயன்படும் பிளாட்டினம் நம் மண்ணில் கிடைக்கிறது. கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் வினையூக்கத்துக்கென்றே 2004இல் தேசிய மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஒன்றுக்கும் வினைபுரியாது என்று எல்லாரும் ஒதுக்கிய தங்கம், ஒரு குறிப்பிட்ட வினைக்கு மிகச் சிறந்த வினையூக்கியாக இருக்கும் என்று வேதியியலாளர் கிரகாம் ஹட்சிங்ஸ் 1985இல் எழுதியபோது அவர் இருந்தது நம் ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தில்!

சரி, அன்றாட வேலை எப்படி இருக்கும்? இதை உங்கள் மகளிடம் படித்துக் காட்டுங்கள். சியோலைட் என்ற நுண்துளைப் பொருளுக்கான கலவையை எஃகுக் கலனில் மூடி, சுமார் 170 டிகிரி அடுப்பில் நாள்கணக்கில் விட வேண்டும். பிறகு கழுவி, உலர்த்தி, சுட்டு, கடைசியில் கிடைக்கும் வெள்ளைப் பொடியில் ஒரு சிட்டிகையை மெல்லிய குழாய்க்குள் குவார்ட்ஸ் பஞ்சுக்கு நடுவே வைத்து வாயுவை விடுவார்கள். அதற்கு முன் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்க்கும் வேலை இருக்கிறது, அதிலேயே ஒரு காலை போய்விடும். முதல் மணி நேரத்தில் எல்லா வினையூக்கியும் பிரமாதமாகத்தான் ஓடும். நூறு மணி நேரம் கழித்துத் துளைகளில் கரி அடைத்துக்கொண்ட பிறகும் ஓடுகிறதா என்பதுதான் விஷயம், அதை அளக்கச் சொல்லித் தரும் வழிகாட்டியிடம் சேரச் சொல்லுங்கள். கட்டுரைகளின் எண்ணிக்கையை மட்டும் பேசுபவரிடம் வேண்டாம். பார்மசியில் வேலை சீக்கிரம் கிடைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆசைப்படும் பிள்ளையைத் தடுத்து என்ன ஆகப்போகிறது?

கேள்வி: 2025 நோபல் பரிசு உலோக-கரிமச் சட்டகங்களுக்குப் போய்விட்டதே, இனி சியோலைட்டை யார் சீண்டுவார்கள்?
- மாணவர், ஃபீனிக்ஸ்

பதில்: தம்பி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போய்ப் பாருங்கள். பரிசு வாங்கிய கிட்டகாவா, ராப்சன், யாகி மூவரின் பொருள்கள், அதாவது உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்த துளைச் சட்டகங்கள், அற்புதம்தான்: யாகி 1999இல் வெளியிட்ட மாஃப்-5 என்ற சட்டகத்தின் சில கிராமுக்குள் ஒரு கால்பந்து மைதானப் பரப்பு அடங்கும். ஆனால் அதே மாஃப்-5 ஈரக்காற்று பட்டாலே சிதைந்துவிடும். கச்சா எண்ணெயை உடைக்கும் உலையில் 500 டிகிரிக்கு மேல் வெப்பம், பிறகு வினையூக்கியில் படிந்த கரியை எரித்தெடுக்கும்போது இன்னும் அதிகம், நீராவி வேறு. அங்கே சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த சியோலைட்தான் தாக்குப்பிடிக்கும். வாயுவைப் பிடித்து வைக்கவும் பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கவும் புதிய சட்டகங்கள் வரட்டும், சந்தோஷம். நீங்கள் இரண்டையும் படியுங்கள், முதலில் சியோலைட்.

கேள்வி: வண்டிக்கு அடியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை ஏன் அறுத்துக்கொண்டு போகிறார்கள்?
- வாசகர், டோங்காட்

பதில்: வண்டிப் புகையைச் சுத்தமாக்கும் பெட்டி அது. உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூட்டின் மேல் துளைகள் நிறைந்த அலுமினாப் பூச்சும், அதில் தூவினாற்போல் பிளாட்டினம், பலேடியம், ரோடியமும் இருக்கின்றன. மொத்தமே சில கிராம்தான், விலையோ எக்கச்சக்கம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி டிராக்டர் மாதிரி உறுமினால், குனிந்து அடியில் ஒரு பார்வை பாருங்கள்.