மார்ச்சில் ஜப்பானுக்கு வர்றீங்களா? தெற்கே போங்க, வடக்கை மே மாசத்துக்கு வைங்க

காரைக்குடித் தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார். ஏப்ரல் 1 டோக்கியோவில் வேலையில் சேரணும். மார்ச் 12 வாக்கில் மனைவியோடு வந்து இறங்குகிறார். வசந்தம்தானே, நடுவில் இருக்கிற இரண்டரை வாரத்தில் ஹொக்கைடோ, கியோட்டோ, ஒகினாவா மூன்றையும் பார்த்துவிடலாமா, கனத்த கோட் வேணுமா என்பது கேள்வி.

மூன்றும் வேண்டாம் தம்பி. படத்தில் சின்ன நாடாகத் தெரியும். ஆனால் சப்போரோவில் பகலில் 4, 5 டிகிரியும் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழேயும் இருக்கிற அதே நாளில் ஒகினாவாவின் நாஹாவில் 21 டிகிரி இருக்கும். இரண்டுக்கும் ஒரே பெட்டியில் துணி அடுக்க முடியாது. கியோட்டோ போங்க, முடிந்தால் நாஹா போங்க. சப்போரோவில் செர்ரி பூப்பதே மே 1-ஐ ஒட்டித்தான். மே 5, 6 வாக்கில் கோல்டன் வீக் விடுமுறை முடியும். அதற்கப்புறம் போனால் கூட்டமும் குறையும், டிக்கெட் விலையும் இறங்கும்.

டோக்கியோவில் மார்ச் நடுவில் பகல் 14 டிகிரி, விடியற்காலை 5. வெளியே சமாளித்துவிடலாம், கஷ்டம் வீட்டுக்குள்ளேதான். இங்கே வீடு முழுக்கச் சூடேற்றும் வழக்கம் கிடையாது. ஆள் இருக்கிற அறையில் மட்டும் ஏசியைச் சூட்டுக்குத் திருப்பி வைப்பார்கள். நடையும் குளியலறையும் அப்படியே விறைத்துக் கிடக்கும். பங்குனி மத்தியானம் ஆத்தங்குடிக் கல்லில் வெறும் முதுகோடு படுத்த ஆளுக்கு இங்கே காலைத் தரையில் கால் வைக்கவே மனசு வராது. கனத்த கோட்டை விட, உடம்போடு ஒட்டும் மெல்லிய உள்ளாடை இரண்டு செட், ஒரு ஸ்வெட்டர், காற்று புகாத மழை ஜாக்கெட், தடித்த சாக்ஸ் நாலு ஜோடி போதும். உள்ளாடையை இங்கே வந்து வாங்கலாம்.

சூடு சீராக ஏறாது. மூன்று நாள் குளிர், நாலு நாள் வெதுவெதுப்பு என்று இதற்கு இவர்களிடம் ஒரு சொலவடையே உண்டு. டோக்கியோவில் செர்ரி பூக்கிற சராசரி நாள் மார்ச் 24. 2020-இல் மரமெல்லாம் முழுசாகப் பூத்த பிறகு, மார்ச் 29-ஆம் தேதி பனி கொட்டியது. அதனால் ஏப்ரல் முதல் வாரம் வரை ஜாக்கெட்டைப் பரணில் ஏற்றாதீங்க.

மேற்குக் கரை, அதாவது நீகாதா, கனாசாவா பக்கம், வேறு கதை. சைபீரியக் காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து மலையில் முட்டிப் பனியாகக் கொட்டும். டோக்கியோ மலைக்கு இந்தப் பக்கம் இருப்பதால் வறண்ட வெயில். கேரளத்தில் மழை ஊற்றும்போது நம்ம தேனிப் பக்கம் காய்கிற மாதிரிதான். புல்லட் ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போய் எச்சிகோ யுசாவாவில் இறங்கினால் மார்ச்சிலும் நல்ல பனி கிடக்கும். பனியைப் பார்த்தே தீரணும் என்று வீட்டில் சொன்னால் ஒரு நாள் அங்கே போய்வந்தால் போதும்.

அப்படியும் சப்போரோதான் என்றால் பயப்பட வேண்டியது கொட்டுகிற பனிக்கு அல்ல, உருகுகிற பனிக்கு. பகலில் நடைபாதைப் பனி உருகி நீராகும், ராத்திரி அது கண்ணாடியாக உறையும். காலையில் அதன் மேல் மெல்லிசாகத் தண்ணீர் நிற்கும்போது வழுக்குவதுதான் மோசம். சாலையைக் கடக்கிற வெள்ளைக் கோட்டில் காலை நீட்டி வைத்தால் விழுவீங்க. அடி சின்னதாக, பாதம் முழுக்கப் படுகிற மாதிரி வைக்கணும். ஷூவில் மாட்டுகிற முள்பட்டை அங்கேயே கடைகளில் கிடைக்கும். தெருமுனைப் பெட்டிகளில் மணல் பை வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தூவலாம்.

டிக்கெட்டில் நிறையப் பேர் ஏமாறுவது ஜேஆர் பாஸில், அதாவது குறிப்பிட்ட நாட்களுக்கு ஜப்பான் ரயில்களில் இஷ்டம்போல் சுற்றுகிற பாஸில். அது சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கு மட்டும். வேலை விசாவில் இறங்குகிற உங்களுக்குச் செல்லாது, ஊரிலிருந்தே காசு கட்டிவிடாதீங்க. பின்னால் அப்பா அம்மா பார்க்க வந்தால் அவர்கள் வாங்கலாம். 7 நாள் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென்னாக ஏறியது. கியோட்டோ மட்டும் போய்வர அது கட்டுப்படியாகாது, தனி டிக்கெட்டே ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென்தான். அவசரமில்லை என்றால் செய்ஷுன் 18 டிக்கெட் இருக்கிறது. வசந்தத்தில் வழக்கமாக மார்ச் 1 முதல் ஏப்ரல் 10 வரை செல்லும், வயசு வரம்பு கிடையாது. தொடர்ந்து 3 நாளுக்கு 10,000 யென், 5 நாளுக்கு 12,050. ஆனால் சாதா ரயிலில் மட்டுமே ஏறலாம். கியோட்டோ போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆகும்.

தேதி விஷயம் ஒன்று. குடியேறிய 14 நாளுக்குள் வட்ட அலுவலகத்தில் முகவரி பதியணும், வங்கிக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான். ஏப்ரல் 1-இல் பள்ளியும் கம்பெனியும் புது வருஷம் தொடங்குவதால் மார்ச் கடைசி வாரம் ஊரே வீடு மாறும், அலுவலகத்தில் வரிசை நீளும். வந்த வாரமே பதிந்துவிட்டு ஊர் சுற்றப் போங்க.

மூக்கில் நீர் கொட்டிக் கண் அரித்தால் உடனே சளி என்று நினைக்காதீங்க, சுகி மர மகரந்தமாக இருக்கலாம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அதன் ராஜ்யம். மாஸ்க் போடுங்க, துணியை வீட்டுக்குள் காயப்போடுங்க.

பெட்டியின் நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், கியோட்டோ போகிற புல்லட் ரயிலில் அதற்கென்று உள்ள இருக்கையை முன்பதிவு செய்யணும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, பதியாமல் ஏறினால் 1,000 யென். அதைவிட, பெரிய பெட்டியை விமான நிலையத்திலேயே தக்யூபின் கூரியரில் போட்டால் பெரும்பாலும் மறுநாள் டோக்கியோ வீட்டுக்கு வந்துவிடும். மசாலாப் பொடி கொண்டுவரலாம். ஆச்சி ஆசையாகக் கட்டிக்கொடுத்தாலும் உப்புக்கண்டம் வேண்டாம். காய்ந்ததானாலும் கறிக்கு இங்கே தடை, சுங்கத்தில் வாங்கிக்கொள்வார்கள்.