ஆஞ்சியோ கை வழியாக முடியவில்லை, "ரத்தக்குழாய் வேறு மாதிரி இருக்கு" என்றார்கள். பயப்பட வேண்டுமா?

வேண்டாம். அப்பாவுக்கு ஆஞ்சியோவை (இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை) மணிக்கட்டு வழியாக ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி, தொடை வழியாக முடித்துவிட்டு, "பிறவியிலேயே அப்படி" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள், இது நோயா, அப்பாவின் கைக்கு ஆபத்தா, நானும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. குலசேகரம் பக்கம் 17 வருஷமாக நர்ஸ், ஊசி குத்துவதற்காகத் தினமும் நாலு பேர் கையையாவது தடவிப் பார்க்கிற ஆள். அந்த அளவில் சொல்கிறேன்.

பாடப்புத்தகப் படத்தில் அக்குளிலிருந்து பிரேக்கியல் என்கிற ஒரே தமனி (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்) மேல்கை முழுக்க இறங்கி வந்து, முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரியும். பெருவிரல் பக்கம் போவது ரேடியல், சுண்டுவிரல் பக்கம் போவது அல்நார். நாடி பார்ப்பதும், ஆஞ்சியோவுக்குக் குழாய் விடுவதும் பெரும்பாலும் இந்த ரேடியலில்தான். ஆனால் நிறையப் பேருக்கு ரேடியல் மேல்கையிலேயே, சிலருக்கு அக்குளிலேயே தனியாகப் பிரிந்து வந்துவிடும். 1953ல் அமெரிக்காவில் 750 கைகளை அறுத்துப் பார்த்து வெளியிட்ட ஆய்வில் இது 14 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தது, அதாவது ஏறக்குறைய ஏழு கைக்கு ஒன்று. இதைப் போய் அபூர்வம் என்று எப்படிச் சொல்வது?

காரணம் கருவிலேயே இருக்கிறது. கை முளைக்கிற நேரத்தில் உள்ளே இருப்பது வலை மாதிரி நுண்குழாய்கள்தான். எங்கள் ஊர் ரப்பர் தோட்டச் சரிவில் முதல் மழைக்குத் தண்ணீர் பத்து வழியாக இறங்கும், நாலு மழை கழிந்தால் இரண்டு தடம் மட்டும் ஆழமாகி நிற்கும், மற்றதெல்லாம் மூடிப்போகும், அதுபோலத்தான். எது நிலைக்கும், எது வாடும் என்பது கைக்குக் கை மாறும். ஒரே ஆளின் வலது கையும் இடது கையுமே பல நேரம் ஒன்றுபோல இருக்காது. கருவில் முன்கையின் நடுவே ஓடிவிட்டு மறைந்துபோக வேண்டிய நடுத்தமனி, பெரியவர்கள் சிலருக்கு அப்படியே தங்கிவிடும். 1880களில் பிறந்தவர்களில் 10 சதவீதம் அளவில் இருந்தது 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தவர்களில் 30 சதவீதம் வரை கூடியிருப்பதாக ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2020ல் எழுதினார்கள்.

சரி, அப்பாவுக்கு ஏன் நிறுத்தினார்கள்? உள்ளே விடுகிற குழாய் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். மேலேயே பிரிந்து வரும் ரேடியல் பல நேரம் ஒல்லியாக இருக்கும், கம்பி பட்டதும் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும், வலி உயிர் போகும். சிலருக்கு முழங்கை அருகே அது ஒரு முழு வளையமே போட்டிருக்கும். அந்த இடத்தில் பிடிவாதம் பிடிக்காமல் தொடைக்குப் போனது நல்ல டாக்டர் செய்கிற வேலை, அதை அவர் தோற்றுப்போனதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் உண்மையில் பயந்தது வேறொன்றைப் பார்த்து. ரப்பர் பால் வெட்டுகிற தாத்தா ஒருவர், ஒட்டிய உடம்பு, கையெல்லாம் நரம்பு எழும்பி நிற்கும். மருந்து ஏற்ற லைன் போடுவதற்காகத் தடவும்போது முன்கையின் உள்பக்கம் தோலுக்கு அடியிலேயே நல்ல தடியாக ஒன்று நெளிந்து போனது, ஊசிக்கென்றே வைத்த மாதிரி. விரலை வைத்தால் டக் டக் என்று துடிக்கிறது. "அது சின்னதுலயே துடிக்கும் மக்களே, நாடி மேல கெடக்குன்னு ஆசான் அப்பமே சொன்னாரு" என்றார். எங்கள் மாவட்டத்தில் வர்ம ஆசான்கள் (வர்ம வைத்தியர்கள்) ஸ்கேன் இல்லாமலே இதையெல்லாம் விரலால் கண்டுபிடித்திருக்கிறார்கள். தசைகளுக்கு அடியில் போக வேண்டிய அல்நார் அவருக்கு மேலாக ஓடுகிறது. அதைச் சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய், ஊசி போடுவது இதில்தான்) என்று நினைத்து மருந்தை ஏற்றியிருந்தால் அது நேரே விரல்களுக்குப் போகும். சில மருந்துகளுக்குக் கை எரிந்து, வெளுத்து, விரல் அழுகிப்போகிற நிலைகூட வரும். நான் புறங்கையில் லைன் போட்டேன். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் அன்றிலிருந்து சொல்வது, சிரை எழும்புவதற்காகக் கையில் பட்டை கட்டுவதற்கு முன்பே தொட்டுப் பார் என்பதுதான். இறுக்கிக் கட்டிவிட்டால் துடிப்பு அடங்கிப்போய் சிரை மாதிரியே தெரியும்.

அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தக் கை, என்ன மாதிரி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள், ஆஞ்சியோ சிடியையும் பத்திரமாக வையுங்கள். பின்னால் பைபாஸுக்குக் கையிலிருந்து குழாய் எடுப்பதாக இருந்தாலும், டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைப்பது) போடுவதாக இருந்தாலும் அந்த ஒரு வரி அவர்களுக்கு உதவும், டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) செய்துவிட்டுத் தொடுவார்கள். மற்றபடி பாரம் தூக்கலாம், வேலை செய்யலாம், அந்தக் கைக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு இப்போது ஒரு டெஸ்ட்டும் வேண்டாம், அந்தக் காசுக்கு அப்பாவின் மாத்திரையை வாங்குங்கள். அப்புறம் தொடையில் குத்திய இடத்தில் வீக்கமோ ரத்தக்கசிவோ தெரிந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே கூட்டிக்கொண்டு போங்கள்.